பார்மலினில் விழுந்த வெந்நீர்ச் சிப்பிகள்

எண்பதுகளில் கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து படகேறி வேலைக்குப் போவேன். கடல் உயிரின ஆய்வகம் ஒன்றில் தற்காலிக அட்டெண்டர். வலையில் எது வந்தாலும் கழுவி, லேபிள் எழுதி, கெடாமல் இருக்கப் பார்மலினில் போட வேண்டும். பத்து வருஷப் பழக்கத்தில் அதை என் கை தானாகவே செய்யும்.

அன்று வெலிங்டன் தீவில் நின்ற வெளிநாட்டுக் கப்பலிலிருந்து ஓர் ஐஸ் பெட்டி வந்தது. ஆழ்கடல் தரையில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அப்படி இரண்டு ஊற்றுகளில் எடுத்த சிப்பிகள் அதில் இருந்தன. ஊற்றுக்கு ஊற்று வெகுதூரம். இரண்டும் கலந்து பெருகும் ஒரே கூட்டமா, தனித்தனியா? சிப்பிகளின் என்சைமை ஜெல் என்ற கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டி, ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும். எங்கள் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பள்ளுருத்திக்காரர் லதா மேடத்தின் தீசிஸே அதுதான். ஒரு வருஷம் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கியிருந்தார்.

பெட்டி வந்தபோது மேடம் சாப்பிடப் போயிருந்தார். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. கெட்டுவிடுமே என்று பதறி, எல்லாவற்றையும் பார்மலினில் போட்டு, லேபிளும் ஒட்டி வைத்தேன்.

வந்தவர் ஜாடிகளைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"முருகேசன் சேட்டா, பார்மலின் பட்டா என்சைம் செத்துப்போகுமில்லே! இனி ஜெல்லுல ஒண்ணும் தெரியாது."

"டைரக்டர் சார்கிட்டே நானே போய்ச் சொல்லிடறேன் மேடம்."

"வேண்டாம். அதை நான் பறஞ்சுக்கறேன்."

சொன்னார். பெட்டி வரும் விவரத்தை என்னிடம் சொல்லாதது தன் தப்பு என்று சொன்னாராம். வேலை தப்பியது. வெட்கம்தான் போகவில்லை.

மறுநாள் காலை கேட்டார்: "பார்மலின்ல போராக்ஸ் சேர்த்தீங்களா?"

"சேர்க்காம நான் ஊத்தினதே இல்லே. இல்லேன்னா பார்மலினோட புளிப்புல ஓடு அரிச்சுப்போகுமே."

உடனே ஜாடியைத் திறந்து புளியங்கொட்டை அளவுக் குஞ்சுச் சிப்பிகளைப் பொறுக்கினார். மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஓட்டின் நுனியில் இன்னொரு குட்டி ஓடு.

"லார்வாவா இருந்தப்போ உள்ள ஓடு, சேட்டா. இத்ர பெரிசா இருக்கே, கடல்ல தின்னு வளர்ந்து, ரொம்ப நாள் மிதந்திருக்கும். அடுத்த ஊற்று வரைக்கும் போகலாம்."

லார்வா எவ்வளவு தூரம் மிதக்கும் என்பதாகத் தீசிஸை மாற்றிக்கொண்டார். கூடுதலாக ஒரு வருஷம் ஆனது. அடுத்த ஊற்று வரை போகலாம் என்று காட்டினார். போய்ச் சேர்ந்து கலந்ததா என்பதை, என்சைம் இல்லாமல், அவரால் காட்ட முடியவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, பெட்டியைத் திறக்குமுன் இது எதற்கு என்று கேட்டுவிடுங்கள். மேடத்தின் தீசிஸில் என் தவறு ஒரே வரி: "மாதிரிகள் போராக்ஸ் கலந்த பார்மலினில் பதப்படுத்தப்பட்டன." முதலிலிருந்தே அப்படித்தான் திட்டமிட்டிருந்ததுபோல எழுதியிருந்தார்.