மேடையில் கொத்து ரொட்டி

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ காய் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடுகிறவன் நான். பாட்டுக்கும் எனக்கும் வெகுதூரம்.

ஒருநாள் பிலிப்பைன்ஸ் அம்மா ஒருவர் சாப்பிட வந்தார். இசையமைப்பாளர். தன் நாட்டு மலைச்சனங்களின் வெண்கலச் சேகண்டிகளோடு தெருச் சத்தங்களையும் சேர்த்துப் புது இசை செய்கிறவர். நான் கொத்துவதைக் கேட்டுவிட்டு, "என் கச்சேரியில் இதை வாசிப்பீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

முதலாளி சிரித்தார். "மேடையிலை கொத்தோ? மானத்தை வாங்கிப் போடாதை!"

"நான் போறன் அண்ணை," என்றேன்.

கச்சேரியன்று லா சப்பல் பகுதி மண்டபம் நிறைய எங்கள் தமிழ்ச் சனம். கடைசிவரை நிறுத்தக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். சேகண்டிகளோடு சேர்ந்து உண்மையான ரொட்டியையே கொத்தினேன். பாதியில் ரொட்டி பதமானது. கடைப் பழக்கத்தில், கல்லில் இரண்டு அடி அடித்துக் கையை நிறுத்திவிட்டேன். சேகண்டிகளும் நின்றுவிட்டன.

"அண்ணை, எனக்கொரு பார்சல்!" என்று ஒருவன் கத்தினான். சனம் சிரித்தது. அந்த அம்மாவின் கச்சேரியைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு வேர்த்தது.

அம்மா ஒரு சேகண்டியை எடுத்தார். என் இரண்டு அடியை அப்படியே அடித்து என்னைப் பார்த்தார். நான் திருப்பி அடித்தேன். எல்லாச் சேகண்டிகளும் பதில் சொல்லின. சிரித்த சனமே கைதட்டிச் சேர்ந்துகொண்டது. மண்டபம் அதிர்ந்தது. முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். முதலாளியும்தான்.

அதுவரை நான் கொத்துவதை வெறும் சத்தம் என்றே நினைத்திருந்தேன். இப்போதும் கடையில் ரொட்டி பதமானதும் இரண்டு அடி அடிக்கிறேன். கல்லாவில் இருந்து முதலாளி மேசையில் திருப்பித் தட்டுகிறார்.