தலைக்கு ஒரு டப்பா

வெர்லின் ஸ்டால்நேக்கரிடம் துப்பாக்கி வாங்க வருபவர்கள் முதலில் திட்டு வாங்குவார்கள், துப்பாக்கி அப்புறம்தான். மேற்கு வர்ஜீனியாவின் மலைச் சந்தில் இருக்கும் எங்கள் ஊர்த் தீவனக் கடையில், பின்பக்கத்துக் கண்ணாடி மேஜை அவளுடையது. முன்பக்கம் கோழித் தீவனமும் மாட்டு உப்பும் விற்பது நான். வருடக்கணக்காக அவள் வாயைக் கேட்டும் என் காது இன்னும் வேலை செய்வது ஆச்சரியம்தான்.

அவளுக்கு அறவே ஆகாதவர்கள், மனைவிக்குத் துப்பாக்கி தேர்ந்தெடுக்க வரும் கணவன்மார்கள். வந்ததும் உள்ளங்கையில் அடங்கும் குட்டி ரிவால்வரைக் கையில் எடுப்பார்கள், கிடைத்தால் ரோஸ் நிறத்தில்.

"யோவ், இதென்ன அவ காதுல மாட்டிக்கவா? லேசா இருக்கிறதுதான்யா கையப் போட்டு உதைக்கும். ரெண்டு தடவ சுட்டுட்டு மூணாவது தடவ தொடவே மாட்டா. நீ போய் நெல்டாகிட்ட உப்புக்கட்டி என்ன விலைன்னு கேட்டுக்கிட்டு நில்லு."

நெல்டா நான்தான். இப்படி விரட்டப்பட்டு வந்து, மாடே இல்லாமல் உப்புக்கட்டி வாங்கிப்போன கணவன்மார்கள் உண்டு.

பிறகு மனைவியிடம் விசாரணை நடக்கும். எதுக்கு வாங்கற? எங்க வைப்ப? வீட்டுல பிள்ளைங்க இருக்கா? பூட்டுப்பெட்டி இல்லாமல் அவள் விற்கமாட்டாள். நாலைந்து துப்பாக்கிகளைப் பிடித்துப் பார்க்கச் சொல்வாள். மேல்பகுதியைப் பின்னால் இழுக்க முடியாவிட்டால் அது உனக்கு இல்லை என்று பிடுங்கி வைத்துவிடுவாள். கடைசியாகத் தோட்டா.

"கடையில எந்தத் தோட்டா சுலபமாக் கிடைக்குதோ, அதுக்கு ஏத்த துப்பாக்கிய வாங்கு. அழகா இருக்குன்னு எவனோ தாத்தா காலத்துல செஞ்சத வாங்கிட்டு, தோட்டா தேடி ஒஹையோ வரைக்கும் அலையாத."

பெருந்தொற்றின் இரண்டாவது குளிர்காலத்தில் இந்த அறிவுரை செல்லாக்காசாகிவிட்டது. எந்தத் தோட்டாவுமே கிடைக்கவில்லை. கழிப்பறைக் காகிதத்துக்கு அடித்துக்கொண்ட அதே ஜனம் தோட்டாவுக்கும் அடித்துக்கொண்டது. முதலாளி, தலைக்கு ஒரு டப்பா என்று எழுதித் தொங்கவிட்டார். உடனே பாஸ்டர் ஓக்கி தேவாலயப் பாடகர் குழு முழுவதையும் வேனில் ஏற்றிவந்து வரிசையில் நிறுத்தினார். என் கணவர் டெல்மர் தன் அம்மாவை ஆக்சிஜன் உருளையோடு கூட்டிவந்தார். அந்த அம்மாள் வாழ்நாளில் ஈயைக்கூட அடித்ததில்லை. எவ்வளவு சேர்ந்தது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "என்கிட்ட என்ன இருக்கு? ஒண்ணு ரெண்டு டப்பா."

அந்த ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை கெண்ட்ரா கோகர் வந்தாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். எங்கள் சாலையில்தான், எங்களுக்கும் வெர்லினுக்கும் அடுத்த வளைவில் தனியாக இருக்கிறாள்.

"டஸ்டின் வெள்ளிக்கிழமை ஜெயில்லேருந்து வர்றான்" என்றாள்.

டஸ்டின் அவளுடைய முன்னாள் கணவன். அவள் தாடையையும் இடது தோளையும் உடைத்துவிட்டு உள்ளே போனவன். "கிட்ட வரக்கூடாதுன்னு ஜட்ஜ் உத்தரவு குடுத்திருக்கார். ஆனா நான் போன் பண்ணினா ஷெரிஃப் வண்டி வந்துசேர முக்கால் மணி நேரம் ஆகும். நான் துப்பாக்கியத் தொட்டதே இல்ல வெர்லின். நீங்களே சொல்லுங்க."

வெர்லின் அன்று கிண்டல் எதுவும் செய்யவில்லை. தோளில் தகடு வைத்திருப்பதால் நீளத் துப்பாக்கி ஆகாது என்றாள். கொஞ்சம் கனமான, ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி ஒன்று கெண்ட்ராவின் கைக்குச் சரியாக அமைந்தது. காகிதங்கள் முடிந்தன, அரசாங்கத்தின் குற்றப்பின்னணிச் சோதனையும் முடிந்தது. தோட்டா அலமாரி மட்டும் துடைத்து வைத்ததுபோல் காலி.

காப்பிப் பானையைச் சுற்றி வழக்கமான கூட்டம் நின்றிருந்தது. வெர்லின் அவர்கள் பக்கம் திரும்பினாள். "ஒம்போது மில்லிமீட்டர். இந்தப் பொண்ணுக்கு நாலு டப்பா வேணும். யாரு தர்றீங்க?"

பாஸ்டர் ஓக்கி தன் காப்பிக்குள் எதையோ தேடினார். டெல்மர் தொண்டையைச் செருமினார். "என்கிட்ட ஒண்ணு ரெண்டுதான் இருக்கு, வெர்லின். காலம் கெட்டுக்கிடக்கு பாரு."

"த்தூ! உங்களுக்கு வித்தவளே நான்தான்யா. எங்கிட்டயே கதை விடறீங்களா? இந்த ஊர் ஆம்பளைங்க எல்லாருக்கும் ஒளிச்சு வைக்க ஒரே இடம்தான். நெல்டா! உன் வீட்டு வெந்நீர்க் கொதிகலனுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு என்னைக்காவது பாத்திருக்கியா?"

டெல்மரின் முகம் போன போக்கிலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது. மதியம் வீட்டுக்குப் போனேன். கொதிகலனுக்குப் பின்னால், பழைய பெயின்ட் வாளிகளுக்கு அடியில், சுவர் வைத்ததுபோல் அடுக்கியிருந்தது. கூரை ஒழுகுகிறது என்று சொல்லும்போதெல்லாம் காசில்லை என்று பாட்டுப் பாடிய மனிதர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாலு டப்பாவை எடுத்துத் தீவனப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது டெல்மர் ஆரம்பித்தார். "நெல்டா, அதுல நாலு டப்பா குறையுது."

"ஒண்ணு ரெண்டுதானே இருக்குன்னீங்க? அதுல எப்படிங்க நாலு குறையும்?"

அவர் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டார்.

அடுத்த மூன்று சாயங்காலமும் வெர்லின், கைவிடப்பட்ட நிலக்கரிக் குழிக்குக் கெண்ட்ராவைக் கூட்டிப்போனாள். முதல் குண்டு எதிரே இருந்த மலைமேல்கூடப் பட்டதா என்று சந்தேகமாம். வியாழக்கிழமை இரும்புத் தட்டில் வரிசையாகப் பட்டது. "சுடறது கடைசி வேலை" என்று வெர்லின் அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். "கதவப் பூட்டு, போன் பண்ணு, உள்ரூமுக்குப் போயிடு. அதுக்கப்புறமும் வந்தான்னாதான் இது."

வெள்ளிக்கிழமை மாலை நானும் வெர்லினும் கெண்ட்ராவின் வீட்டுக்குப் போனால், உள்ளே நுழைய இடமில்லை. முற்றம் முழுக்க பிக்கப் வண்டிகள். டெல்மர், பாஸ்டர் ஓக்கி, இன்னும் ஐந்தாறு பேர். ஆளுக்கொரு துப்பாக்கியோடு வாசலில் நின்று, கெண்ட்ராவின் துப்பாக்கி அவளுக்குப் போதுமா போதாதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஆண்களை என்ன சொல்ல! உயிரைக் கேட்டால் தந்துவிடுவார்கள். ஒரு டப்பா தோட்டா கேட்டால் தரமாட்டார்கள்.

இருட்டுவதற்குச் சற்று முன் டஸ்டினின் அண்ணன் வண்டி வளைவில் வந்தது. உள்ளே இரண்டு தலைகள் தெரிந்தன. வண்டி மெதுவாகி, முற்றத்தைப் பார்த்து, அப்படியே வேகமெடுத்துப் போய்விட்டது. வாசலில் ஒரே ஆரவாரம். டெல்மர் யாரோ ஒருவரின் முதுகில் தட்டினார். பாஸ்டர் ஓக்கி தொப்பியைக் கழற்றி, ஆண்டவருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தார்.

"கொஞ்சம் நிறுத்துங்க, பாஸ்டர்."

கெண்ட்ரா கதவருகே நின்றிருந்தாள். "அவன் என் தாடைய உடைச்ச அன்னிக்கு இந்த வண்டியெல்லாம் எங்க நின்னுச்சு? நான் கத்தினது கேக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க. டெல்மர் வீட்டு நாய் குலைச்சது எனக்குக் கேட்டுச்சு."

ஆளாளுக்கு வண்டிப் பக்கம் நகர்ந்தார்கள். நானும்தான். கடைசியில் வெர்லின்தான் பேசினாள்.

"கேட்டுச்சும்மா. புருஷன் பொண்டாட்டி விவகாரம்னு நான் ஜன்னல சாத்திட்டேன். யாரும் வரல."

கெண்ட்ரா கதவை அகலத் திறந்தாள். பிறகு, "அடுப்புல பீன்ஸ் இருக்கு. துப்பாக்கிய வண்டியில வச்சிட்டு வாங்க" என்று உள்ளே போய்விட்டாள். போனோம், சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் ஊருக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணொருத்தி முதல் துப்பாக்கி வாங்கக் கடைக்கு வந்தாள். வழக்கமான விசாரணை நடந்தது. அவளுக்கு ஒன்று கைக்குப் பொருந்திவிட்டது. பூட்டுப்பெட்டிக்கும் சரி என்றுவிட்டாள். வெர்லின் துப்பாக்கியை அவள் பக்கம் தள்ளாமல் நிறுத்தினாள்.

"ராத்திரி நீ கத்தினா பக்கத்துல யாருக்குக் கேக்கும்?"

"எதிர்வீட்டுல ஒருத்தர் இருக்கார்."

"பேரு?"

"கேட்டதில்ல."

"அவர் வருவாரா?"

"தெரியலையே."

வெர்லின் துப்பாக்கியை எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினாள். "போய்த் தெரிஞ்சுக்கிட்டு வா. இது எங்கயும் ஓடிடாது."