பெரியப்பா கேட்ட மான்தோல்

அரைகுறையாகப் பதனிட்ட தோலின் நாற்றம் மூக்கில் ஏறினால் சுலபத்தில் இறங்காது. உப்பும் படிகாரமும் அழுகலும் நனைந்த நாயும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. அதன் மேல் பெரியப்பா பன்னீர் வேறு தெளித்துவிட்டார். மழைக்கால மாதுங்கா, ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கின்றன, கூடத்தில் சாமி படங்களுக்கு நேர் கீழே ஒரு புள்ளிமானின் தோல் விரித்துக் கிடக்கிறது, சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர்களில் ஒருவர்கூட மூக்கைப் பொத்தவில்லை. அறுபதுகளின் நடுவில் நடந்த விஷயம் இது. அப்போது எனக்குப் பதினோரு வயது.

எங்கள் வீட்டார் எப்படிப்பட்டவர்கள் என்று சொன்னால்தான் இதிலுள்ள அசிங்கம் புரியும். காற்று தாராவிப் பக்கமிருந்து அடித்தால், அங்கே தோல் பதனிடும் கொட்டகைகளின் வாடை வருகிறதென்று, "கர்மம், கர்மம்" என்றபடி ஜன்னல்களை அறைந்து சாத்துகிறவர்கள். முட்டை போட்ட கேக்கை ஆபீஸில் யாரோ கொடுத்தார்கள் என்பதற்காக அப்பா கையைச் சோப்புப் போட்டுக் கழுவியதை நானே பார்த்திருக்கிறேன். அடுத்த கட்டடத்தில் இருந்த பெரியப்பா இன்னும் ஒரு படி மேல். சர்க்கரை டப்பாவில் எறும்பு இருந்தால் அதை வெயிலில் வைத்து, எறும்புகள் தாமாக வெளியேறும்வரை காபியே குடிக்காமல் காத்திருப்பார். "ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்கப்படாது" என்பதை எங்களுக்கு வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லுவார்.

அப்படிப்பட்ட எங்கள் வீட்டுக்குத்தான் விஸ்வநாதன் தன் அம்மாவோடு வந்தார், என் அக்கா லலிதாவைப் பெண் பார்க்க. அக்கா கோட்டைப் பகுதியில் ஓர் ஆபீஸில் ஸ்டெனோ. தினமும் லோக்கல் ரயிலில் போய் வருகிறவள். அப்பாவுக்கு ரிடையராகும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜாதகம் பொருந்துவதும் பிறகு ஏதோ காரணத்தால் தட்டிப்போவதுமாக இரண்டு வருஷம் கழிந்திருந்ததால், இந்த வரன் நிலைக்க வேண்டுமே என்று அம்மா வாரா வாரம் அம்மனுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். விஸ்வநாதன் வெள்ளைக்காரக் கம்பெனியில் இன்ஜினீயர், செம்பூரில் கம்பெனி கொடுத்த வீடு, நல்ல உயரம், சிரித்தால் பார்க்க அழகாகவே இருப்பார். அக்காவிடம் என்ன புத்தகம் படிக்கிறாள் என்றுகூடக் கேட்டார். அதற்கு முன் வந்தவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அன்று இரவு அக்கா பின்னலை அவிழ்த்தபடி தனக்குத்தானே சிரித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அவருக்கு ஒரே ஒரு "ஹாபி", ஷிகார், அதாவது வேட்டை. லீவு கிடைத்தபோதெல்லாம் சாந்தா ஜில்லாக் காடுகளுக்குப் போய், பர்மிட் வாங்கி, மான் சுட்டுவிட்டு வருவார். இதை அவர் அம்மா சொன்னதும் அப்பா கையிலிருந்த காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அந்த அம்மாள் உடனே கையை ஆட்டி, "கவலையே படாதேங்கோ, சுடறதோட சரி. என் பிள்ளை நாக்குல மாமிசம் பட்டதே கிடையாது. எல்லாத்தையும் கூட வர ஆளுகளுக்கே குடுத்துடுவான்" என்றாள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "சுத்த சைவம்னு சொல்லுங்கோ!" என்றார் பெரியப்பா. தின்பதற்காகக் கொன்றால் பாவம், சும்மா கொன்றால் பாதகமில்லை என்று எங்கள் வீட்டில் தீர்மானமான நாள் அதுதான்.

அதன் பிறகு மாப்பிள்ளைக்கு வாய் ஓயவில்லை. சொஜ்ஜியை ஒரு வாய் போட்டுக்கொண்டு, காலண்டர் தாள் ஒன்றின் பின்புறத்தில் பென்சிலால் மான் வரைந்து, எங்கே சுட வேண்டும் என்று பாடம் நடத்தினார். "ஏக்தம், சரியாப் பக்கவாட்டுல நிக்கணும். முன்னங்காலோட பின் ஓரம் இருக்கோல்லியோ, அதுக்கு நேரா மேல போங்கோ, உடம்புல மூணுல ஒரு பங்கு உசரம். ஹார்ட், லங்ஸ் எல்லாம் அங்கதான். அங்க பட்டா நாலு துள்ளல், அவ்வளவுதான், விழுந்துடும். வயித்துல பட்டா மைல் கணக்கா ஓடும், கஷ்டப்பட்டுச் சாகும். அது ஷிகாரிக்கே அவமானம்." பென்சில் முனையால் அந்த இடத்தில் ஒரு புள்ளி குத்தினார், தாள் கிழிந்தது. பிறகு அதே கையால் சொஜ்ஜியை எடுத்துச் சாப்பிட்டார். எனக்கு அன்று சொஜ்ஜி இறங்கவில்லை.

குண்டு விஷயம் அடுத்து வந்தது. "ஸாஃப்ட் நோஸ்" என்பது முனை மெத்தென்று இருக்கும் குண்டாம். உள்ளே போனதும் விரிந்து பெரிய காயமாக்கி உடனே சாய்த்துவிடுமாம், ஆனால் வெளியே வருகிற பக்கம் தோல் கிழிந்துபோகும். "ஹார்ட் நோஸ்" ஊசி மாதிரி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும், தோலில் சின்ன ஓட்டைதான், ஆனால் மிருகம் சட்டென்று சாகாது. "யானை, காட்டெருமைக்குத்தான் அது. மானுக்கு ஹார்ட் நோஸ் போடறது மகா பாவம் சார்" என்றார் விஸ்வநாதன். இதை அவரே, அவர் வாயால் சொன்னார்.

எனக்கு அருவருப்பு தந்தது அவர்கூட இல்லை, கேட்டுக்கொண்டிருந்தவர்கள். நுரையீரல், ஈரல், குடல் என்று அவர் அடுக்க அடுக்க அப்பா "ஓஹோ, ஓஹோ" என்கிறார். குடையைத் தவிர வேறெதையும் தோளில் சாய்த்திராத பெரியப்பா, "அப்போ கழுத்துல சுட்டா?" என்று சந்தேகம் கேட்கிறார். மறுநாளே கிங் சர்க்கிள் காய்கறிக் கடையில் பாகற்காய் பொறுக்கிக்கொண்டே, பக்கத்தில் நின்ற மாமாவிடம், "மானுக்கு ஸாஃப்ட் நோஸ்தான் ஓய்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய சம்பளம் சுத்த சைவர்களை இப்படி வாலாட்ட வைக்குமா என்று அந்த வயதில் எனக்கு யோசிக்கத் தெரியாது. ஆனால் வெறுப்பு மட்டும் வந்தது.

அவர்கள் கிளம்பும்போது பெரியப்பா தன் விண்ணப்பத்தைப் போட்டார். ஜபத்துக்கு உட்காரும் ஆசனத்துக்கு மான்தோல் உசத்தி, கடையில் வாங்கினால் ஆட்டுத்தோலுக்குப் புள்ளி வைத்து ஏமாற்றுகிறான், மாப்பிள்ளை கையால் ஒன்று கிடைத்தால் பாக்கியம் என்றார். "ஆனா ஒண்ணு, தோல் சிதையாம முழுசா இருக்கணும். கிழிசல் தோல்ல உக்காந்தா ஜபம் பலிக்காது." விஸ்வநாதன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அந்தத் தோல்தான், நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க அவரும் அவர் அம்மாவும் வந்த அன்று, எங்கள் கூடத்தில் விரிந்தது. சாந்தாவிலிருந்து மழையில் ரயிலேறி வந்ததாம், சரியாகக் காயவில்லையாம். பெரியப்பா பன்னீரைத் தெளித்துவிட்டு, பேரனைத் தடவுகிற மாதிரி அதைத் தடவினார். அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்திருந்தார். அம்மா அடுக்களையில் பஜ்ஜிக்கு எண்ணெய் காயவைத்துக்கொண்டிருந்தாள். அக்கா காபித் தம்ளர்களை வைத்துவிட்டு நிமிர்ந்தவள், தோலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, விலாவுக்கெல்லாம் பின்னால், வயிற்றுப் பக்கத்தில் பட்டாணி அளவுக்கு இருந்த ஒரு துவாரத்தை விரலால் காட்டினாள்.

"இது வயிறுதானே?" என்று கேட்டாள்.

விஸ்வநாதனுக்கு ஒரே சந்தோஷம், வரப்போகிறவள் பாடத்தைக் கவனித்திருக்கிறாளே என்று. "கரெக்ட்! சாயங்கால வெளிச்சம், கொஞ்சம் பின்னாடி பட்டுடுத்து. ஆனா ஓட்டையைப் பாரு, எவ்வளவு சின்னது! பெரியப்பாவுக்காகவே ஹார்ட் நோஸ் போட்டேன்."

"உடனே செத்துப்போச்சா?"

"எங்க! ராத்திரி பூரா ஓடியிருக்கு. மறுநாள் மத்தியானம் ஆளுங்க ஒரு புதர்ல கண்டுபிடிச்சா."

"அப்போ உயிர் இருந்ததா?"

"இருந்தது, மூச்சு வாங்கிண்டு படுத்துண்டு இருந்தது. கூட இருந்தவன் இன்னொண்ணு போட்டு முடிச்சுடலாம்னான். நான்தான் விடலை. இன்னொரு குண்டுன்னா இன்னும் ரெண்டு ஓட்டையாச்சே! ஃப்ளாஸ்க்ல டீ இருந்தது. குடிச்சிண்டே வெயிட் பண்ணினோம்."

பெரியப்பா அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா, ஒரு காரியம் சொன்னா என்ன பொறுப்பா பண்ணியிருக்கார்!" என்றார். இதை எழுதும்போதுகூட எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது. சர்க்கரை எறும்புக்காகக் காபியை ஒத்திப்போட்ட மனிதர், தனக்காக ஒரு பிராணி வயிறு துளைபட்டு ராத்திரி பூராவும் ஓடியது என்று கேட்டதும் சொன்ன வார்த்தை, பொறுப்பு.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "அப்பா, நாள் பாக்க வேண்டாம். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். விஸ்வநாதனின் அம்மா, "பெரியவா இருக்கற கூடத்துல பொண்ணு இப்படியா பேசும்?" என்று எழுந்துவிட்டாள். விஸ்வநாதன் மட்டும் கடைசிவரைக்கும் என்ன தப்பு நடந்ததென்று விளங்காமல் விழித்தார். அந்த முழியில் நடிப்பு இல்லை என்பதுதான் பயங்கரம். அம்மா எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு அழுதாள். அப்பா அக்காவோடு பேசுவதையே நிறுத்திவிட்டு, சொல்ல வேண்டியதை என் மூலமாகச் சொல்லி அனுப்பினார். "ஒரு மிருகத்துக்காக மாப்பிள்ளையை விரட்டினவ" என்று பெரியப்பா கோவில், பஜனை, காய்கறிக் கடை ஒன்று விடாமல் சொல்லித் தீர்த்தார். அப்புறம் எந்த வரன் வந்தாலும், "அந்த மான் கேஸ் பொண்ணா?" என்ற கேள்வி முன்னாலேயே வந்து நின்றது. நாளடைவில் வரன்களே வரவில்லை.

தோலைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்பீர்கள். அதெப்படிக் கொடுப்பார்கள்? "வந்த வஸ்துவை ஏன் திருப்பணும்?" என்று பெரியப்பா சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். போகும் காலம்வரை அதில் உட்கார்ந்துதான், கண்ணை மூடிக்கொண்டு, உலகத்திலுள்ள உயிர்களெல்லாம் சுகமாக இருக்க வேண்டுமென்று ஜபித்தார். அவர் போனபின், பூச்சி அரித்து மயிரெல்லாம் கொட்டிக் கிடந்த அதை முனிசிபாலிட்டிக் குப்பை வண்டியில் போட்டார்கள்.

இப்போது ஷிகார் இல்லை, சட்டம் வந்து நிறுத்திவிட்டது. ரைபிளைத் தூக்கிக்கொண்டு போன காட்டுக்கு இன்று டிக்கெட் எடுத்து ஜீப்பில் போய், மானைப் போட்டோ பிடித்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் மாதுங்கா கட்டடத்தை இடித்து மாடி மேல் மாடியாகக் கட்டியாகிவிட்டது. பெண்ணைக் கூடத்தில் நிறுத்திப் பார்க்கிற வழக்கமும் போய்விட்டது, அது போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். அப்பா, அம்மா, பெரியப்பா யாரும் இல்லை. அக்கா மட்டும் ஊருக்கு வெளியே, நெருளில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறாள்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, இத்தனை வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்: முகம் தெரியாத ஒரு மானுக்காக இப்படித் தனியாக நின்றுவிட்டாயே, எப்போதாவது வருத்தப்பட்டது உண்டா என்று.

அக்கா மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள். "எல்லாரும் அப்படித்தான் நினைச்சுண்டா, நீயும் நினைச்சுண்டிருக்கே. மானுக்காக நான் ஒண்ணும் சொல்லலை, அதான் செத்துப்போயாச்சே. அவர் டீ குடிச்சிண்டு வெயிட் பண்ணினோம்னு சொன்னார் பாரு, அப்போ எனக்காகத்தான்டி வேண்டாம்னு சொன்னேன்" என்றாள்.