பிறக்காத கார்டுக்கு அட்வான்ஸ்

இன்னும் கடைக்கே வராத ஒரு பொருளை விட்டுவிட்டு, அதற்கும் அடுத்து வரப்போகிற பொருளுக்காக ஏங்கியவள் நான். கம்ப்யூட்டருக்குள் படம் வரைவதற்கென்றே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டில் புது ரகம் ஒன்று வரப்போவதாகப் பேச்சு. அது வருமுன்பே, அதையே இன்னும் வேகமாக்கி, மெமரியையும் கூட்டி இன்னொன்றை விடப்போகிறார்கள் என்று வேறொரு பேச்சு. முதல் பேச்சு என் காதில் ஏறவே இல்லை. இரண்டாவதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நாமக்கல்லில் நாங்கள் லாரிக்குப் பாடி கட்டுகிறோம். பட்டறை முன்னால், வீடு பின்னால். வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டிக்கு கேபினும் சரக்கேற்றும் தொட்டியும் கட்டி, பெயின்ட் அடித்து அனுப்புவது என் வீட்டுக்காரர் வேலை. முடிந்த வண்டி எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவது என் வேலை. வேலை என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு அது படித்த பெண் பொழுதுபோகாமல் செய்கிற காரியம். என் மேசை இருந்ததோ படுக்கையறையில், பீரோவுக்கும் துணிக்கொடிக்கும் நடுவில். படம் பார்க்க வருகிற ஓனர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கூச்சத்தோடு வாசற்படியில் நின்றபடியே எட்டிப் பார்ப்பார்கள்.

என் பழைய கார்டு ஒரு லாரியை முழுசாக வரைந்து முடிக்க ஒரு மத்தியானம் எடுத்துக்கொள்ளும். லாரி ஓனர்கள் மத்தியானம் முழுக்கக் காத்திருக்கிற ஆட்களா? "நீலத்தைச் சித்த கம்மி பண்ணுங்க" என்பார்கள். நான் மாற்றுவதற்குள் டீ குடிக்கப் போய், அப்படியே அடுத்த பட்டறைக்குள் நுழைந்துவிடுவார்கள்.

ஐப்பசியில் திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து பெரிய ஓனர் ஒருவர் வந்தார். பழைய வண்டிகளைத் தள்ளிவிட்டு மொத்தமாகப் புதுசு எடுக்கும் எண்ணத்தில் இருந்தார். என் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க அம்மிணி. ஆனா போட்டோவாட்ட நின்னுக்கிட்டே இருக்குது. வண்டியச் சுத்தி வந்து பாக்கோணும். கலர மாத்துனா அப்பவே தெரியோணும். தை பொறக்கட்டும், வாரேன். அன்னிக்கு இப்படிச் சுத்திக் காட்டீட்டீங்கன்னா மொத்த வண்டியும் உங்க பட்டறைக்குத்தான்."

அவர் போனதும் என் வீட்டுக்காரர் சொன்னார்: "இந்த ஆர்டர் மட்டும் வந்துச்சுன்னா உன்ற மேசைய ஆபீஸ் ரூமுக்கே கொண்டாந்தர்லாம்."

அவர் சும்மா சொன்னாரோ என்னவோ, நான் அப்போதே அந்த அறைக்குக் குடிபோய்விட்டேன். பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் நுழைகிற அறை அது. அங்கே என் திரையில் லாரி சுழல்வதையும், ஓனர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதையும் நினைத்து நினைத்துச் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

"அதென்ன புள்ள அப்படியொரு கார்டு?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"புதுசா வர்ற கார்டோட அதே சேஸிஸ்தானுங்க மாமா. இன்ஜின் பெருசு. லோடும் சேத்தி ஏத்தலாம்."

அவ்வளவுதான், மனிதர் விழுந்துவிட்டார். மறுநாளிலிருந்து சாப்பிடும்போதெல்லாம் எந்த நாட்டுக்காரனோ ஆங்கிலத்தில் பேசும் வீடியோ ஓடியது. பாதி புரியாது, ஆனால் விடமாட்டார். யாரோ தொழிற்சாலையிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்ததாகச் சொல்லும் மங்கலான படத்தைக் காட்டி, "மூணு ஃபேன் வெச்சிருக்கறான் பாரு" என்பார். பட்டறைக்கும் அந்தக் கிறுக்கு பரவியது. வெல்டிங் வைக்கிறவர் என்னைக் கண்டால், "அக்கா, நம்ம வண்டி வந்துருச்சுங்களா?" என்று கேட்பார். கார்டுக்கு அவர்கள் வைத்த பெயரே வண்டிதான்.

கார்த்திகை முடியப்போகும்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் அந்தக் காரியம் செய்தார். மார்கழியில் எங்கள் லாரித் தொழிலில் யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள். அட்வான்ஸ்கூடக் கைமாறாது. அதனால் தையில் வண்டி வேண்டுமென்றால் கார்த்திகையிலேயே ஓடிப்போய்ப் பதிந்துவிடுவார்கள். கார்டு பற்றிய அறிவிப்பு மார்கழியில்தான் என்று வீடியோக்காரன் சொன்னதும், இவர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பினார்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இப்படி ஒரு மாடல் இருக்குதுன்னு கம்பெனியே இன்னும் சொல்லலீங்களே."

"சொல்றப்ப மார்கழி ஆயிருமுங்க. அப்ப நான் காச வெளிய எடுக்க மாட்டேன். இப்பவே புடிச்சுக்குங்க."

"பில்லுல என்னன்னு எழுதட்டுங்க?"

"வேகமானதுன்னு எழுதுங்க."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்படியே எழுதினார். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இல்லாத ஒரு கார்டுக்கு முதல் ஆளாகத் துண்டு போட்டுவிட்டோம் என்று திரும்பி வரும் வழியெல்லாம் குதித்துக்கொண்டுதான் வந்தேன்.

அறிவிப்பு மார்கழிக் காலையில் வந்தது. பட்டறையில் வேலை குறைவு, எல்லோரும் என் படுக்கையறை வாசலில் கூடிவிட்டார்கள். மேடையில் ஒருவர் புதுக் கார்டைத் தூக்கிக் காட்டினார். அது சாதாரண ரகம். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தோம். அவர் வேறு எதையெதையோ பேசினார், கும்பிடாத குறையாக விடைபெற்றார், போய்விட்டார்.

"நம்ம வண்டி எங்கீங்கக்கா?" என்றார் வெல்டிங்காரர்.

"பெரிய மாடல எடுத்ததுமே உட்ருவானா? இதைய வித்துட்டுத்தான் அதைய உடுவான்" என்று வீட்டுக்காரர் தேற்றினார். சாயங்காலம் கடைக்காரர் போனில், இப்போது அறிவித்ததையே தருவித்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் லாரி முழுசாக ஏற அதில் மெமரி போதாது. காத்திருந்தது காத்திருந்ததாகவே இருக்கட்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

தை பிறந்ததும் பெரிய ஓனர் சொன்னபடி வந்தார். நான் பழைய கார்டுக்குத் தோதாக லாரியிலிருந்து போல்ட்டுகளை எடுத்து, பளபளப்பை எடுத்து, கிட்டத்தட்ட அட்டை வண்டியாக்கி வைத்திருந்தேன். அது திக்கித் திக்கிச் சுழன்றது.

"சுத்துதே" என்று ஓனர் ஓரடி உள்ளே வந்தார். "இப்ப நீலம் போடுங்க."

போட்டேன். திரை அப்படியே உறைந்துவிட்டது.

வியாபாரம் தெரிந்தவள் அந்த இடத்தில் அச்சடித்த படங்களைக் காட்டி ஆர்டரை முடித்திருப்பாள். எனக்கு வாய் நிற்கவில்லை. வரப்போகிற வேகமான கார்டைப் பற்றி ஆரம்பித்தேன். அதில் ஒவ்வொரு போல்ட்டும் தெரியும், வண்டி நெற்றியில் அவர் எழுதப்போகும் குலசாமி பேர் தெரியும், காலை வெயிலில் நீலம் எப்படி இருக்கும், பொழுது சாயும்போது எப்படி இருக்கும் என்று கையை வீசிக் காற்றிலேயே வரைந்தேன். வீட்டுக்காரர் கண்ணால் ஜாடை காட்டினார். பார்த்தேன், நிறுத்தவில்லை. ஓனர் கையிலிருந்த டீ ஆடை கட்டிவிட்டது.

"அத்தனையும் தெரியுங்களா அதுல?"

"தெரியுமுங்க."

"எப்ப வருது?"

"இந்த வருசத்துக்குள்ள வந்துருமுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப எதுக்கு அவசரப்படோணும்? பழைய வண்டி இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்குது. அது வரட்டும் சாமி. அதுல பாத்துட்டே மொத்தமாக் குடுத்தர்றேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போய்விட்டார். கைக்கு வந்த ஆர்டரை நானே பேசிப் பேசி வழியனுப்பி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் அவர் பின்னாலேயே பட்டறைக்குப் போனார். உறைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

சற்று நேரத்தில் அவர் வெல்டிங்காரரோடு உள்ளே வந்து, குனிந்து ஒயர்களைப் பிடுங்க ஆரம்பித்தார்.

"எங்கீங்க தூக்கறீங்க?"

"ஆபீசுக்கு."

"ஆர்டர் வரலியேங்க மாமா."

"நானும் இத்தன வருசமா ஆர்டர் புடிக்கறேன். நான் பேசி ஒருத்தனும் டீய ஆற உட்டதில்ல. நீ முன்னால உக்காரு புள்ள. நான் பின்னால நின்னு வண்டியக் கட்டிக்கறேன்."

மேசையின் ஒரு முனையை நானும் பிடித்தேன்.