காளியாயி கொடுத்த போத்தல்

சண்முகவடிவைப் பொறாமைக்காரி என்று சொல்கிறவர்கள் வாயில் மண் விழட்டும். லயத்து வீட்டு வரிசையில் என் அறைக்கு அடுத்த காம்பரா அவளுடையது, நடுவில் ஒரு சுவர்தான். எல்லாம் எனக்குத் தெரியும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பூண்டுலோயாப் பக்கம். சிலோன் சர்க்கார் தோட்டத்து ஆட்களின் ஓட்டுரிமையைப் பறித்த மறுவருஷம் அவள் மூக்கனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கொஞ்சம் வெள்ளைப்பட்டது. எந்தப் பொம்பளைக்குப் படவில்லை? அதை மாமியார் காளியாயியிடம் சொன்னதுதான் அவள் செய்த குற்றம். சுத்தம் சோறு போடும் என்று சொல்லி, கக்கூசுக்கு ஊற்றும் மருந்தை ஒரு போத்தலில் கொண்டுவந்து, தண்ணீரில் கலந்து உள்ளே கழுவச் சொன்னாள் காளியாயி. எரிந்தது. எரிந்தால்தான் சுத்தம் என்றாள் அந்த மகராசி. பிறகு நாற்றம் வந்தது, அடிவயிறு வலித்தது, காய்ச்சல் அடித்தது. இன்னும் நன்றாகக் கழுவு என்றாள். டிஸ்பென்சரியில் இருந்தவர் ஆம்பளை. அவரிடம் வயிற்றுவலி என்று மட்டும் சொல்லி, பேதி மருந்து வாங்கிக் குடித்தாள் வடிவு. வருஷங்கள் போயின. மலடி என்று பெயரும் வைத்தாயிற்று.

கடைசியில் நான்தான் அவளை நுவரெலியாவுக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

“முதல்ல பட்டது நோயே இல்ல,” என்றார் அவர். “அங்க நல்ல கிருமி இருக்கு, அதுதான் காவல். மருந்து ஊத்தி அதக் கொன்னுட்டீங்க. கெட்ட கிருமி மேல ஏறி, கரு வர்ற குழாய் அடைச்சுக்கிச்சு.”

இனிப் பிள்ளை தங்குமா என்று வடிவு கேட்டாள். டாக்டரம்மா இல்லையென்று தலையாட்டினார்.

வீட்டில் சொன்னால் யார் நம்பினார்கள்? கிருமி காவல் காக்குமா என்று காளியாயி சிரித்தாள். அடுத்த தையிலேயே மகனுக்கு லெட்சுமியைக் கட்டிவைத்தாள். புதுப்பெண் கையிலும் அதே மருந்துப் போத்தலைக் கொடுத்து, நீயாவது சுத்தமாக இரு என்றாள்.

வடிவு அதைப் பிடுங்கி வாசல் சாக்கடைக் கானில் போட்டு உடைத்தாள். அடுத்து வந்த போத்தலையும் உடைத்தாள். மூக்கன் அடித்தான். மலடிக்கு வயிற்றெரிச்சல் என்று லயமே பேசியது. காளியாயி சலித்துப்போய், போத்தல் வாங்குவதையே விட்டாள்.

மறுவருஷம் லெட்சுமிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பெயர் வைத்த அன்று வடிவு ஆசையாகத் தொட்டில் பக்கம் போய்க் கை நீட்டினாள். தடுத்தது லெட்சுமிதான்.

“தொடாதீங்கக்கா. அத்தை ஏசுவாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போத்தல் கதையை இங்கேயே எல்லார் முன்னாலும் உடைக்கவா என்று வடிவின் காதில் கேட்டேன்.

“வேணாம் மதினி. பிள்ள பொறந்துருச்சுல்ல, அது போதும்,” என்றாள். பிறகு வெளியே போய், சாப்பிட்டவர்களின் எச்சில் இலைகளை எடுக்க ஆரம்பித்தாள்.