"தெரியலைங்க" என்று சொன்ன செவ்வாய்க்கிழமை

மூன்று ஆண்டுகளுக்கு முன், புதுச்சேரியில் இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. இடம் கோரிமேடு. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டு நாற்பது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்கு என் நினைவாற்றல் காரணமல்ல. அன்று என் கையில் ஒரு நோட்டு இருந்தது. நிமிடத்துக்கு நிமிடம் அதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பருவத்தில் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு களக் கவனிப்பு செய்ய வேண்டும். பிறகு அதை வகுப்பில் ஸ்லைடு போட்டு விளக்க வேண்டும். எங்கள் குழுவில் நான், உப்பளம் பகுதியிலிருந்து வரும் ஒரு தோழி, மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நண்பன். தலைப்பு என்னுடையது. வெளியூரிலிருந்து வந்து கோரிமேட்டில் இறங்கும் ஒரு நோயாளி, பெரிய அரசு மருத்துவமனையில் தனக்குரிய வரிசையில் போய் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது? பேருந்தின் படியிலிருந்து வரிசையின் கடைசி ஆள் வரை. அவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி.

அதற்கு முந்தைய விடுமுறையில் ஒரு நாளிதழில் இரண்டு மாதம் பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். எதைப் பார்த்தாலும் மணி, நிறம், எண்ணிக்கை குறிக்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. அதோடு கொஞ்சம் தலைக்கனமும்.

எங்களுக்கு முன்னால் விளக்கம் கொடுத்த குழு ஒன்று, கடைத்தெருவில் ஆட்களை நிற்கச் சொல்லிப் படம் எடுத்து வந்து மாட்டிக்கொண்டது. "நீங்க சொல்லிக் குடுத்துச் செஞ்சத, அவங்களா செஞ்ச மாதிரி காட்டறீங்க" என்று பேராசிரியை எல்லார் முன்னாலும் சொல்லி, மதிப்பெண்ணையும் குறைத்தார். அந்த நிலைமை நமக்கு வரக்கூடாது என்று நான் மூன்று விதிகள் எழுதினேன். யாரிடமும் பேசக்கூடாது. யாருக்கும் வழி காட்டக்கூடாது. யார் கண்ணிலும் படக்கூடாது.

"நாம இன்னா திருடவா போறோம்?" என்றான் நண்பன்.

"போடா. மார்க் வேணுமா வேணாமா?" என்றேன்.

முதல் மூன்று பேரைப் பின்தொடர்ந்ததில் சுவாரசியம் எதுவும் இல்லை. பழகியவர்கள், இறங்கினார்கள், நடந்தார்கள், வரிசையில் நின்றார்கள். நோட்டில் எழுத ஒன்றும் கிடைக்காத எரிச்சல் எனக்கு. நான்காவதாக அந்தப் பெண்மணி இறங்கினார்.

வயது நாற்பத்தைந்து இருக்கும். பச்சைப் புடவை, தோளில் துணிப்பை, கையில் பெரிய எக்ஸ்ரே உறை. தனியாக வந்திருந்தார். வலது காலை ஊன்றும்போதெல்லாம் கீழுதட்டைக் கடித்துக்கொண்டார். அவர் பின்னால் நானும் நண்பனும் இருபது அடி தள்ளி நடந்தோம். தோழி வேறொருவரைப் பின்தொடர்ந்து போயிருந்தாள்.

உள்ளே நுழைந்ததும் கூட்டம் அதிகம் போன பக்கமே அவரும் போனார். அது மருந்து வாங்கும் வரிசை. புதிதாக வருகிறவர்கள் சீட்டு போட வேண்டிய இடம் எதிர்ப்பக்கக் கட்டடத்தில் இருந்தது, பெயர்ப்பலகையும் இருந்தது. மூன்று நாட்களாக அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். அவர் பலகையைப் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்த்துப் போனார். எட்டு ஐம்பதுக்கு மருந்து வரிசையின் கடைசியில் நின்றார். என் பேனா வேகமாக ஓடியது. கடைசியில் ஒரு நல்ல கேஸ் கிடைத்துவிட்டது.

நன்றாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் நான் கொஞ்சம் நெருங்கிவிட்டேன். சட்டென்று திரும்பினார்.

"பாப்பா, முட்டிக்குப் பாக்கறதுக்கு சீட்டு போடற வரிச இதானா?"

அவர்களாகவே வந்து கேட்டால் என்ன செய்வது என்று விதி எதுவும் நான் எழுதி வைத்திருக்கவில்லை. ஒரு நொடி நோட்டைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "தெரியலைங்க."

"நீயும் புதுசா? செரி, நிப்போம். எல்லாரும் நிக்கறாங்கல்ல" என்று சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

எட்டு ஐம்பத்தைந்து. அதையும் எழுதிக்கொண்டேன். சுவரோரம் நின்ற நண்பன் என்னையே பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

மருந்து தரும் சன்னலுக்குப் போய்ச் சேர அவருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. அங்கிருந்தவர் எக்ஸ்ரே உறையைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் கை காட்டினார். இவர் நடந்தார். பாதி வழியில் ஒரு மரத்தடியில் நின்று முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மறுபடி நடந்தார். பத்து மணி பத்து நிமிடத்துக்குச் சரியான வரிசையின் கடைசி ஆளானார். நோட்டை மூடினேன். பேருந்தின் படியிலிருந்து ஒன்றரை மணி நேரம். வழி தெரிந்திருந்தால் அவர் நடைக்கும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்காது.

திரும்பி வரும்போது நண்பன் இரண்டு எட்டு முன்னால் நடந்தான். நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். எந்த ஸ்லைடு முதலில், எது கடைசியில் என்று.

வியாழக்கிழமை மாலை தோழியின் வீட்டு மாடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்த்தோம். வழக்கம்போல் எல்லார் எழுத்தையும் வாங்கி நானே வெட்டினேன், நானே ஒட்டினேன். "இன்னும் வேலைக்கே போகல, அதுக்குள்ள எடிட்டர் ஆயிட்டா" என்று தோழி கிண்டல் செய்தாள். நான்காவது நபரின் ஸ்லைடு வந்தது. அதில் இப்படி எழுதியிருந்தேன்: "அங்கிருந்த ஒருவரிடம் விசாரித்தார். அவருக்கும் தெரியவில்லை."

நண்பன் விரலைத் திரையில் வைத்தான்.

"இந்த ஒருவர் யாரு?"

"யாரோ. அது முக்கியமில்ல."

"நீதான."

தோழி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது.

"நம்மளப் பத்திப் போட்டா ஆராய்ச்சி கெட்டுடும்" என்றேன்.

"ஆராய்ச்சி கெட்டுடுமா, மார்க் கெட்டுடுமா?"

"அவ்ளோ அக்கற இருந்தா நீ சொல்லியிருக்கலாம்ல? பத்தடி தள்ளித்தான நின்ன?"

அவன் விரலை எடுத்துவிட்டான். "ஆமா. நானும் வாய மூடிக்கினுதான் நின்னேன்" என்றான். அதற்குப் பிறகு அன்று அவன் எதிலும் தலையிடவில்லை. அந்த வரி அப்படியே இருந்தது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் இரண்டு முறை பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வகுப்பு. முப்பது பேர் இருந்தார்கள். தோழி முன்னுரை சொன்னாள். நண்பன் அவன் வரைந்த வழிப்படத்தை விளக்கினான். பேருந்து நிற்கும் இடம், இரண்டு கட்டடம், நடுவே அம்புக்குறிகள். பிறகு அவன் கணினி பக்கம் போய் உட்கார, நான் பேச ஆரம்பித்தேன். முதல் மூன்று பேரைச் சீக்கிரம் முடித்தேன். நான்காவது நபரை நிதானமாகச் சொன்னேன். பச்சைப் புடவை, எக்ஸ்ரே உறை, மரத்தடியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. வகுப்பு அமைதியாகக் கேட்டது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

முடிந்ததும் பேராசிரியை பேனாவை மேசையில் வைத்தார்.

"நல்லா பாத்திருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு. அந்தம்மா கேட்டது யார்கிட்ட? நோயாளியா, ஊழியரா, கூட வந்தவங்களா?"

சாதாரணக் கேள்வி. எந்தச் செய்தியிலும் முதலில் கேட்கப்படும் கேள்வி. மின்விசிறி என் கையிலிருந்த தாளை அடித்துக்கொண்டே இருந்தது.

"எங்ககிட்டதான் மேடம்" என்றான் நண்பன், கணினியிலிருந்து தலையை எடுக்காமல்.

பழியில் பாதியை அவன் தன் மேல் வாங்கிக்கொண்டான் என்பது எனக்குப் புரிந்தது. அதை அப்படியே விட்டிருக்கலாம். விட முடியவில்லை.

"என்கிட்ட மேடம். எனக்கு வழி தெரியும். தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

கடைசி வரிசையிலிருந்து ஒருவன், எப்போதும் நக்கல் பேசுகிறவன், "அப்ப அந்த ஒரு மணி நேரம் அவங்க கணக்கு இல்லம்மா, உன் கணக்கு" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவன் சொன்னது சரி. நான் அளந்தது வழி தெரியாத ஒரு நோயாளியின் நேரத்தை அல்ல. என் பொய் தின்ற நேரத்தை.

பேராசிரியை திட்டவில்லை. "எதையும் பாதிக்கக் கூடாதுன்னு விதி போட்டீங்க. தெரியாதுன்னு சொன்னது பாதிப்பு இல்லையா?" என்று மட்டும் கேட்டார். நான் உட்காரப் போனபோது இன்னொன்றும் கேட்டார்: "அந்தம்மா அன்னிக்கு டாக்டரப் பாத்துட்டாங்களா?"

"தெரியாது மேடம். வரிசையோட எங்க கவனிப்பு முடிஞ்சுது."

இந்த முறை அது உண்மை.

மதிப்பெண் குறைந்ததா என்று கேட்பீர்கள். குறைந்தது, மூன்று பேருக்கும். தோழி ஒரு நாள் என்னோடு பேசவில்லை, பிறகு பேசினாள். ஆனால் அடுத்த செவ்வாய் வரையிலான நான்கு நாட்களும் என்னைப் பிடித்து ஆட்டியது மதிப்பெண் அல்ல. புதிய சீட்டு குறிப்பிட்ட நேரம் வரைதான் தருவார்கள். முட்டி பார்க்கும் பிரிவுக்குப் புதியவர்கள் வரும் நாள் செவ்வாய்க்கிழமைதான். பத்து பத்துக்கு வரிசையில் நின்றவருக்குச் சீட்டு கிடைத்ததா? சாப்பிடும்போது அதே யோசனை. பேருந்தில் அதே யோசனை. கிடைக்கவில்லை என்றால் அவர் அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி வர வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. எட்டு மணிக்கே கோரிமேட்டில் போய் நின்றேன். நோட்டு எடுத்துப் போகவில்லை. ஒவ்வொரு பேருந்தாகப் பார்த்தேன். விசித்திரமான நிலைமை அது. அவர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே அவரைத் தேடிக்கொண்டிருந்தேன். வரவில்லை என்றால் போன வாரமே காட்டிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளலாம். எட்டு நாற்பது தாண்டியது. நிம்மதி மெதுவாக வர ஆரம்பித்தது.

"ஏ பாப்பா! நீயா?"

பின்னாலிருந்து குரல். இன்னொரு பேருந்தில் வந்து இறங்கியிருக்கிறார். எக்ஸ்ரே உறையின் ஓரம் மடங்கியிருந்தது.

"ஒனக்கும் போன வாரம் முடியலையா? எனக்கும்தான். சீட்டு முடிஞ்சிபோச்சி, அடுத்த செவ்வா வான்னுட்டாங்க. வா வா, இந்த தபா நான் வழி காட்டறேன்" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

நடந்துகொண்டே பேசினார். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பெட்டி கட்டும் வேலை. நாள் முழுக்க நின்றபடி செய்ய வேண்டும். முட்டி தேய்ந்துவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "எழுத்து இல்லாம மாத்த மாட்டாங்களாம். இந்த ஒரு வாரம் நின்னே தீத்துட்டேன், போ" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கதை போலச் சொன்னார்.

அந்த ஒரு வாரம் என்னுடையது. சொல்ல வாயெடுத்தேன்.

"ஒனக்கு இன்னா ஒடம்புக்கு?" என்று கேட்டார்.

"தலவலிங்க" என்றேன்.

"தலவலிக்கா இம்மாந்தூரம்? செரி, எதுவா இருந்தாலும் காட்டிடு. சின்ன வயசுல அலட்சியம் பண்ணாத."

மருந்து வரிசையைத் தாண்டும்போது நின்று, கையில் குழந்தையோடு விழித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "புதுசுன்னா இங்க நிக்காதீங்க, எதிர்ல போங்க. நாங்க ரெண்டு பேரும் போன வாரம் ஏமாந்துட்டோம்" என்றார். நாங்கள் இரண்டு பேரும். சீட்டு வரிசைக்கு வந்ததும் என்னைத் தனக்கு முன்னால் இழுத்து நிறுத்தினார். "நீ மொதல்ல நில்லு. காலேஜு போற புள்ள மாதிரி இருக்க, நேரமாவும்."

வேண்டாம் என்று பின்னால் போய் நின்றேன். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டினார். ஒன்பது இருபதுக்குச் சீட்டு வாங்கினார். உள்ளே போகுமுன் திரும்பி, சீக்கிரம் வா என்பது போலக் கையசைத்தார். என் முறை வந்தபோது வரிசையிலிருந்து விலகி வெளியே வந்துவிட்டேன்.

இப்போது ஒரு நாளிதழில் வேலை செய்கிறேன். எங்காவது ஒருவர் வழி கேட்டால் கூடவே நடந்து போய்க் காட்டிவிட்டு வருகிறேன். அதனால் எதுவும் ஈடாகிவிடாது என்று தெரிந்தேதான் செய்கிறேன். முப்பது பேர் முன்னால் சொல்ல முடிந்த உண்மையை, அதைக் கேட்க உரிமையுள்ள ஒரே ஒருவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டிய அன்பு என் பொய்யை நம்பிக் காட்டிய அன்பு என்பது இன்றும் என்னை ஓரிடத்தில் உட்கார விடாமல் செய்கிறது.