ஐஸில் பத்து நிமிடம்

மணிக்கட்டைப் பிளாஸ்கின் வாயில் வைத்துப் பார்த்தான். விரல்களை நம்ப முடியாது. இடது கையில் இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி போய் ஆறு வருடம் ஆகிறது. ஆவி மணிக்கட்டில் பட்டது. சூடு இருந்தது. காலையில் இருந்த சூடு இல்லை.

முன்னால் கண்டெய்னர் லாரி. அதற்கு முன்னால் இன்னொன்று. எண்ணூர் விரைவுச் சாலை நெடுக அப்படியே நின்றது. சற்று முன் மொபெட் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது முன்னால் மாட்டியிருந்த பை கழன்று விழுந்தது. பிளாஸ்கின் மூடி இரண்டாகப் பிளந்தது. பையின் பக்கவாட்டில் செருகியிருந்த தெர்மாமீட்டரும் உடைந்தது. பிளாஸ்கின் வாயில் கைக்குட்டையைச் சுருட்டி அடைத்தான். மணி எட்டு பத்து. ஒன்பதரைக்குள் மணலி புதுநகர் போயாக வேண்டும்.

பிளாஸ்கில் இருந்தவை நாற்பது சினைப்பைகள். காலை ஏழு மணிக்கு ஆட்டுத்தொட்டியில் அறுபட்ட வெள்ளாடுகளுடையவை. ஒவ்வொன்றும் வேர்க்கடலை அளவு. மேலே கொப்புளம் கொப்புளமாக இருக்கும். ஒவ்வொரு கொப்புளத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முட்டை. ஆடு செத்த பிறகும் அந்த முட்டை சில மணி நேரம் உயிரோடிருக்கும், உடம்பின் சூட்டில் உப்புத் தண்ணீருக்குள் வைத்திருந்தால். முப்பத்தைந்து டிகிரி. ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நீலமேகத்தின் வேலை. ஒன்பது மாதமாக.

அதற்கு முன் பதினேழு வருடம் காசிமேட்டு விசைப்படகில் ஐஸ் அறையில் இருந்தான். மேலே வலை ஏறியதும் மீன் கீழே வரும். ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ். குனிந்தபடியே மணிக்கணக்கில். முதலில் விரல்கள் போயின, பிறகு இடுப்பு. கரையில் வேலை தேடியவனுக்கு, மணலி புதுநகரில் கால்நடை இனவிருத்தி ஆய்வுக்கூடம் ஒன்றில் தற்காலிக உதவியாளர் வேலை கிடைத்தது. முதல் நாள் ஜெயஸ்ரீ மேடம் அவனிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஐஸ் வைக்கக் கூடாது. அவன் இரண்டு தரம் திருப்பிக் கேட்டான்.

ஆட்டுத்தொட்டியில் சௌக்கத் அலிக்கு இன்னும் அது விளங்கவில்லை. இன்று காலையும் கருப்பையிலிருந்து சினைப்பைகளை நறுக்கிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எல்லாரும் ஈரல் கேக்கறான், தல கேக்கறான். நீ ஒர்த்தன்தான் மாமு இந்தக் கலீஜ கேட்டுகினு வர்ற."

"கலீஜ் இல்ல பாய். உள்ள முட்ட கீது."

"ஆட்டுக்கு முட்டையா? நாப்பது வருசமா அறுக்கறேன், ஒரு ஆம்லெட் போட்டதில்ல."

பக்கத்தில் தோல் உரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நீலமேகமும் சிரித்துவிட்டு எண்ணினான். நாற்பது. ஒன்று கூடக் குறையவில்லை.

அதெல்லாம் ஒரு மணி நேரத்துக்கு முன். மணலி சாலையில் ஏதோ லாரி கவிழ்ந்துவிட்டது என்றார்கள். அதனால்தான் கடற்கரைப் பக்கம் வந்தான். வந்தது தப்பு. லாரிகளுக்கு நடுவே மொபெட்டின் கைப்பிடி நுழையவில்லை. டிரைவர்கள் இறங்கி சக்கர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் இறங்கி நின்றான், ஏறினான், மறுபடி இறங்கினான். மணிக்கட்டை வைத்துப் பார்த்தான். இரண்டு நிமிடத்துக்கு முன்தான் பார்த்திருந்தான்.

அவன் வீடு அங்கிருந்து இரண்டு தெரு. பையில் உப்புத் தண்ணீர் பாட்டில் ஒன்று உபரியாக இருந்தது. அதைச் சூடு பண்ணி மாற்றிவிட்டால் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். மொபெட்டைத் திருப்பி, நடைபாதையில் ஏற்றி, குப்பத்துச் சந்துக்குள் ஓட்டினான்.

வீட்டில் ஆளில்லை. மனைவி அங்கம்மா விடியலில் மீன் ஏலத்துக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. பிளாஸ்கை அடுப்புக்குப் பக்கத்தில் இறக்கிவைத்து, குண்டானில் தண்ணீர் வைத்து அடுப்பைப் பற்றவைத்தான். பாட்டிலை அதற்குள் நிறுத்தினான். கைப்பேசி அடித்து அறுந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சிக்னல் நிற்காது. அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, அலைதடுப்புக் கற்கள் கிடக்கும் இடத்துக்கு ஓடினான். ஜெயஸ்ரீதான்.

"எங்க இருக்கீங்கண்ணா?"

"லாரில மாட்டிகினேன் மேடம். வந்துடுவேன்."

"சூடு இருக்கா?"

"கீது."

"இதுதான் கடைசி தடவை. அஞ்சாவது. நாலு தடவை நல்லா வந்திருக்கு, இதுவும் வந்துட்டா வெள்ளிக்கிழமை அறிக்கை அனுப்பிடலாம். திட்டத்தை மூணு வருஷம் நீட்டிச்சுக் கேட்டிருக்கேன். உதவியாளரா உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன்."

அவள் தொடர்ந்து பேசினாள். எந்த வழியாக வரலாம், எங்கே திரும்பலாம் என்று. அவன் சரி சரி என்றான். கற்களின் மேல் நிற்க முடியாமல் கால் மாற்றிக்கொண்டே இருந்தான். இந்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. நீட்டிக்கவில்லை என்றால் மறுபடி படகு, மறுபடி குனிவது. படகில் இப்போது அவனை எடுப்பார்களா என்பதும் தெரியாது.

திரும்பி வந்தபோது அங்கம்மா அன்னக்கூடையை இறக்கிவைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்க் காலியாகத் திறந்து கிடந்தது.

"எங்க அது?"

"எது?"

"உள்ள இருந்தது."

"அத்த கேக்கறியா? சுடுதண்ணில போட்டு வெச்சிட்டு எங்க போன? இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா நாறிப் போயிருக்கும். கொழாத் தண்ணில நல்லா அலசி ஐஸ்ல போட்டு வெச்சிருக்கேன்."

அன்னக்கூடையின் மூலையில், மீன் விற்றது போக மீந்திருந்த நொறுங்கிய ஐஸுக்குள் ஒரு பாலித்தீன் பை புதைந்திருந்தது. அவள் செய்ததில் ஒரு குறையும் இல்லை. கீழே ஐஸ், மேலே ஐஸ், ஓரங்களில் இடைவெளி இல்லாமல். அவனே செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பான்.

"எவ்ளோ நேரம் ஆச்சி?"

"பத்து நிமிசம் இருக்கும். இன்னாத்துக்கு மூஞ்சி அப்டிப் போவுது?"

அவன் பையை உருவி, கைகளுக்குள் வைத்து, ஊதினான். பிறகு அது முட்டாள்தனம் என்று தெரிந்து பாட்டிலைத் தேடினான். சூடான உப்புத் தண்ணீரைப் பிளாஸ்கில் ஊற்றி, மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார்த்து, நாற்பதையும் உள்ளே போட்டான். போட்டுக்கொண்டே சொன்னான். இதற்கு ஐஸ் ஆகாது, உள்ளே இருக்கும் முட்டை உயிரோடிருக்க வேண்டும், அதைத் தட்டில் வளர்த்து கெடாவின் விந்தோடு சேர்த்துக் குட்டி உண்டாக்குவார்கள் என்று.

"செத்த ஆட்டுக்கா புள்ள பெத்துக் குடுக்கறாங்க?" என்றாள் அங்கம்மா. "ஐயே. உயிரோட கீறதுக்கே இங்க ஒண்ணும் வழியக் காணும்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ ஒண்ணும் சொல்லிக்காத. பத்து நிமிசம், யாருக்குத் தெரியும்? பாத்தா கருவாடு மாதிரியா கீது? எப்பிடிப் போச்சோ அப்பிடியே கீது."

"உம்."

"சொல்லமாட்ட இல்ல?"

அவன் கைக்குட்டையை மறுபடி அடைத்தான். வாசலில் மொபெட்டை உதைத்தபோது அவள் பின்னால் வந்து நின்றாள். "எனக்கு இன்னாய்யா தெரியும்," என்றாள். "சொல்லியிருந்தா தொட்டிருப்பேனா?"

ஒன்பது இருபத்தைந்துக்குச் சேர்ந்தான். ஜெயஸ்ரீ வாசலிலேயே பிளாஸ்கை வாங்கி உள்ளே தெர்மாமீட்டரை விட்டாள். முப்பத்தைந்து. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

அவன் கண்ணாடிச் சாமான்களைக் கழுவப் போனான். கழுவியதையே கழுவினான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவள் சினைப்பைகளைப் பிளேடால் கீறிக்கொண்டிருந்தாள். கீறிய திரவத்தை நுண்ணோக்கியில் வைத்து, மெல்லிய குழாயால் முட்டைகளை ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்தாள். பாதியைப் பழைய திரவத்தில் போட வேண்டும், பாதியை அவள் புதிதாகக் கலந்த திரவத்தில். வெயில் காலத்தில் ஆடுகளின் முட்டை முதிராமல் கெட்டுப்போவதை அந்தப் புதுக் கலவை தடுக்கிறதா என்பதுதான் அவள் இரண்டு வருடமாகத் தேடுவது.

பதினொரு மணிக்கு இரண்டு தட்டுகளும் சூட்டுப்பெட்டிக்குள் போயின. அவள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுக் கை கழுவ எழுந்தாள். அவன் மேசையைத் துடைக்கும் சாக்கில் படித்தான். சினைப்பை நாற்பது. முட்டை எண்பத்து மூன்று. கொண்டுவந்த நேரம் இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். வெப்பநிலை முப்பத்தைந்து.

படகில் சில நாள் ஐஸ் தீர்ந்து, மீன் மேலேயே கிடந்துவிடும். தாமதமாக ஐஸ் ஏறிய பெட்டியின் காதில் அவன் ஒரு துண்டு கயிறு கட்டிவிடுவான். கரையில் ஏலக்காரர் அந்தப் பெட்டியை மற்றதோடு சேர்க்கமாட்டார். கயிறு கட்டாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு பெட்டியால் மொத்தச் சரக்குக்கும் பெயர் கெடும். பதினேழு வருடத்தில் அவன் கட்டாமல் விட்டதில்லை.

முப்பத்தைந்து என்ற எண்ணைத் திரும்பவும் பார்த்தான். துணியைப் பிழிந்தான். ஜன்னலுக்குப் போனான். ஆலைப் பக்கம் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்தான்.

"மேடம்."

"சொல்லுங்கண்ணா."

"அது நடுவுல ஐஸ்ல இருந்திச்சி."

அவள் துண்டில் கை துடைத்துக்கொண்டிருந்தாள். துண்டை ஆணியில் மாட்டினாள்.

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிசம். கொழாத் தண்ணில கழுவவும் கழுவியாச்சி."

"நேரா ஐஸ்லயா, பைக்குள்ளயா?"

"பைக்குள்ள."

"நீங்களா வெச்சீங்க?"

நீலமேகம் ஒரு கணம் தரையைப் பார்த்தான். "எங்க வூட்ல," என்றான். "கெட்டுப்பூடும்னு. நான்தான் அவகிட்ட சொல்லி வெக்கல. வூட்டுக்குப் போனதே என் தப்பு."

அவள் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். முப்பத்தைந்துக்குப் பக்கத்தில் எழுதினாள். எழுதுவது அவனுக்குத் தெரியும்படி நோட்டைத் திருப்பியே வைத்திருந்தாள். அவளுக்கு அதில் வேறு எண்ணம் இருந்ததா என்று தெரியவில்லை.

"வேலை என்னாகும்னு இப்ப எங்கிட்ட கேட்காதீங்கண்ணா," என்றாள்.

"கேக்கல மேடம்."

மறுநாள் பதினொரு மணிக்கு ஜெயஸ்ரீ தட்டுகளை வெளியே எடுத்தாள். பழைய திரவத்தில் நாற்பத்தொன்றில் பதினான்கு முட்டைகள் முதிர்ந்திருந்தன. புதியதில் நாற்பத்திரண்டில் பதினாறு. முந்தைய நான்கு தடவையும் பழையதில் பாதிக்கு மேலும், புதியதில் முக்கால்வாசியும் முதிர்ந்திருந்தன. இரண்டு தட்டும் ஒன்றாகக் கெட்டிருப்பதால், அவன் சொல்லியிருக்காவிட்டாலும் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்திருக்கும், என்னவென்று தேட ஒரு வாரம் போயிருக்கும் என்றாள். ஐந்தாவது தடவையைக் கணக்கில் சேர்க்காமல் கோடு போட்டாள். வெள்ளிக்கிழமை அறிக்கை போகாது என்று மேலே தெரிவித்தாள். வியாழக்கிழமை இன்னொரு தடவை கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். நீலமேகம் சௌக்கத் அலிக்குப் போன் செய்து நாற்பது சொன்னான். ஸ்டோரில் கையெழுத்துப் போட்டுப் புதுத் தெர்மாமீட்டர் வாங்கினான். பிளாஸ்குக்கு மூடி தனியாக இல்லை என்றார்கள். சாயங்காலம் வீட்டில் அங்கம்மா எத்தனை பிழைத்தது என்று கேட்டாள். முப்பது என்றான். அவள் மீனைச் செதில் எடுத்து முடித்து, தலையைப் பூனைக்குப் போட்டாள். வேலை நீட்டிப்பு பற்றிக் கடிதம் எதுவும் வரவில்லை.